அண்டார்டிகாவில் கறிவேப்பிலை

துவாரகா, புது டில்லி
12.2.2006, ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின்

பெருமதிப்பிற்குரிய அத்தான் பிராங்ளின் அவர்களுக்கு, மைத்துனன் தேவநேசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவினால் இங்கே நானும் இருதயமும், என் இடது முழங்கால் நீங்கலாக, சுகமாயிருக்கிறோம். பாளையங்கோட்டையில் தாங்களும் அக்காளும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காள் கொடுத்துவிட்ட மஸ்கோத் அல்வா வந்து சேர்ந்தது. என் சர்க்கரையை உத்தேசித்து இருதயம் அதை எனக்குக் காட்டினாள்.

ரிடையரான மனுஷன் கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாததால் இந்தக் கடிதம். முடிவில், அங்குள்ள கோயில்களைக் கவனிக்கிற சேகரக் கமிட்டிச் செயலர் என்ற முறையில் தங்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. அதை இப்போதே சொன்னால் நடுவில் உள்ளதைப் படிக்காமல் விட்டுவிடுவீர்கள் என்பதால் கடைசியில் வைத்திருக்கிறேன்.

எங்கள் நாலாம் மாடி பால்கனியில் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருப்பது தாங்கள் அறிந்ததே. முன்பு வந்திருந்தபோது அக்காள் அதைப் பார்த்து, இது செடியா குச்சியா என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. டில்லிக் குளிரில் ஜனவரி பிறந்ததும் அது இலையை எல்லாம் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும், மார்ச்சில் நான் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு புதுக் கன்றுக்கு அலைவேன், பத்து வருஷமாக இதே கதை. கொத்தமல்லியையும் பச்சை மிளகாயையும் கொசுறாக அள்ளிப் போடுகிற சப்ஜிவாலா பையாவிடம் கறிவேப்பிலை கேட்டால் நம்மை மேலும் கீழும் பார்க்கிறான். இந்தத் துயரத்தை லிப்டில் வைத்து இரண்டாம் மாடி சேஷனிடம் சொன்னேன். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லாம் தெரிந்தவர். உடனே என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரில் ஒரு குழுவைக் காட்டினார். உலகம் முழுக்கத் தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பவர்களுடைய இணையக் குழு, அத்தான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர், பத்தொன்பது நாடுகள். அன்று உள்ளே போனவன்தான்.

முப்பத்துநாலு வருஷம் மத்திய சர்க்காரில் குப்பை கொட்டியிருக்கிறேன். இப்படி ஓர் ஒற்றுமையை எந்த இலாகாவிலும் நான் கண்டதில்லை. மெல்போர்னில் ஒருவர் இலையில் கரும்புள்ளி என்று எழுதுகிறார், ஹாம்பர்க்கிலிருந்து மருந்து வருகிறது, அது தப்பு என்று டிரினிடாட்டில் ஓர் அம்மாள் சண்டைக்கு வருகிறார், கராச்சியில் ஒருவர் இரண்டு பேரையும் சமாதானம் செய்கிறார். ஒருவர் வீட்டில் ஒரு துளிர் விட்டால் போட்டோ போடுகிறார், பிள்ளை பிறந்ததுபோல நாற்பது பேர் வாழ்த்துகிறார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறவர் பெயர் எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் பிஜித் தீவில் ஒருவருடைய செடிக்கு எந்த ஜன்னல் என்று தெரியும். பாராட்டாமல் என்ன செய்ய?

அந்தக் குழுவில் எல்லாருக்கும் மேலே ஒருவர். ‘வடதுருவம்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார், நார்வே நாட்டின் வட கோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை, குளிர்காலத்தில் இரண்டு மாதம் அங்கே சூரியனே வருவதில்லை. அந்த ஊரில் விளக்கு வெளிச்சத்தில் ஏழடி உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலையை வளர்த்து வைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஜனவரியில் என் குச்சியைப் போட்டோ எடுத்துப் போட்டு, இது செத்துவிட்டதா என்று கேட்டேன். செத்துப்போகலை ஐயா, தூங்குது, பிடுங்காதீங்க என்று அவர் எழுதினார். தண்ணீரைக் குறைக்க வேண்டும், வேர் மட்டும் குளிராமல் இருந்தால் போதும், தொட்டிக்குப் பழைய கம்பளி ஏதாவது சுற்றுங்கள் என்றார். என் ஆபீஸ் ஸ்வெட்டரைச் சுற்றினேன். மார்ச் பதினொன்றாம் தேதி அந்தக் குச்சியில் உளுந்தளவுக்கு ஒரு பச்சை. நான் அழுதேன் என்று இருதயம் சொல்கிறாள், தூசி விழுந்தது என்று நான் சொல்கிறேன். பத்து வருஷமாக உயிரோடிருந்த செடிகளைப் பிடுங்கி எறிந்திருக்கிறேனே என்று அன்று முழுவதும் மனசு கேட்கவில்லை.

இவ்வளவு நன்றாக நடந்த குழுவுக்குள் கொடி வந்தது. குழுவை ஆரம்பித்தவர் பாலசுப்ரமணியம், மெல்போர்ன்காரர், ரயில்வே என்ஜினீயர், நல்ல மனுஷன், ஆனால் சும்மா இருக்கத் தெரியாது. அக்டோபரில் அவர் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் அவரவர் நாட்டுக் கொடி சின்னதாகத் தெரிகிற மாதிரி ஒரு வசதி செய்தார். பட்டியலில் இருந்து நாட்டைப் பொறுக்கினால் கொடி வந்து உட்கார்ந்துவிடும். நம் சேஷன் உடனே கனடாக் கொடியை வைத்துக்கொண்டார். நீங்கள் துவாரகா இரண்டாம் மாடியில்தானே இருக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, ‘நான் கனடா பர்மனெண்ட் ரெசிடெண்ட்ங்காணும், கார்டு பாக்கெட்லயே இருக்கு பாரும்’ என்றார். ஹாம்பர்க்கில் ஜெர்மானியர் ஒருவர், கட்டினது தமிழ் நர்ஸை, இந்தியக் கொடி வைத்தார். லண்டனில் இருக்கிற ஒருவர் மலேசியா வைத்தார். யார் எந்த நாடு, பிறந்த இடமா, இருக்கிற இடமா, செடி வந்த இடமா என்று சண்டை தொடங்கியது. மூன்று வாரம் குழுவில் ஒரு இலையைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை.

இந்த இடத்தில்தான் சேஷன் என் தலையில் கிரீடத்தை வைத்தார். நம்ம தேவநேசன் சார் யார் இந்தியன், யார் இல்லை என்று பார்க்கிற செக்‌ஷனிலேயே தலை நரைத்தவர், விதிமுறை எழுத அவரை விட்டால் ஆள் கிடையாது என்று எழுதிவிட்டார். பாலசுப்ரமணியம் என்னை மட்டுறுத்துநர் ஆக்கினார். தகாத பேச்சை நீக்குவது, விதியை மீறினவர் கணக்கை முடக்குவது எல்லாம் மட்டுறுத்துநர் அதிகாரம். ரிடையரானபோது நான் வெறும் செக்‌ஷன் ஆபீசர், இது அதற்கு மேலே என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம், அதை மறைப்பானேன். ஐந்து வருஷமாகப் பேனாவைத் திறந்து மின்சார பில்லில் கையெழுத்துப் போட்டதைத் தவிர ஒரு குறிப்பு எழுதியதில்லை. பதினாலு பத்தி விதிமுறை எழுதினேன். கொடி என்பது பாஸ்போர்ட் எந்த நாடோ அந்த நாடு, வேறு வியாக்கியானம் கிடையாது. ஒவ்வொரு உறுப்பினரும் இணைக்கப்பட்ட படிவத்தை மூன்று பிரதிகளில் பூர்த்தி செய்து, கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பத்துடன் 31 ஜனவரிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் கணக்கு தானாக முடங்கும்.

இருதயம் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். ‘என்னத்துக்கு இப்படிச் செய்யுதிய? முப்பத்தஞ்சு வருசம் ஆஸ்பத்திரில ஊசி போட்டேன். கைய நீட்டுன்னுதான் சொன்னேன், பாஸ்போர்ட்ட நீட்டுன்னு ஒரு ஆள்கிட்ட கேட்டதில்ல’ என்றாள். கத்தோலிக்கர்களுக்கு நிர்வாகம் புரியாது என்று நான் சொன்னேன். போப்பாண்டவரை நினைத்துப் பார்த்துவிட்டு அந்த வாதத்தை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். படிவம் போய்விட்டது.

பதில்கள் வந்தன, அத்தான். கெஜட்டட் அதிகாரி என்றால் யார், என் பல் டாக்டர் கையெழுத்துப் போட்டால் ஆகுமா என்று டிரினிடாட் அம்மாள். ஹாம்பர்க்காரர் பாஸ்போர்ட், கல்யாணச் சான்று, ஓட்டுநர் உரிமம் மூன்றையும் அனுப்பி, நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையையும் சேர்த்திருந்தார். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பு வேறு. கராச்சிக்காரர் மிகவும் மரியாதையாக எழுதினார்: டில்லிக்கு வர விசா கேட்டபோதுதான் இத்தனை கேள்வி கேட்டீர்கள், ஒரு கொத்து கறிவேப்பிலைக்குமா? பிஜிக்காரர் மட்டும் படிவத்தை அப்படியே காலியாக அனுப்பி, என் பாட்டனாரின் தகப்பனார் கப்பலேறிய நாளிலிருந்து இதைத்தான் தேடுகிறோம், தங்களுக்குத் தெரிந்தால் பூர்த்தி செய்து அனுப்பவும் என்றிருந்தார். நான் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டுக் குறை கண்டு திருப்பி அனுப்பினேன். எனக்கு இரத்த அழுத்தம் சீராகிவிட்டது, டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

வடதுருவத்திடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. குழுவின் ஆரம்பகால உறுப்பினர், கொடி வந்தபோது எந்த நாட்டையும் பொறுக்காதவர், ஆகையால் அவர் பெயருக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை. ஒரு நினைவூட்டு அனுப்பினேன். ஜனவரி எட்டாம் தேதி டில்லியில் பால்கனி வாளித் தண்ணீர் மேலே கண்ணாடிபோல உறைந்தபோது, ஐயா, உங்க ஊர்ல பனின்னு செய்தியில பார்த்தேன், செடிய உள்ள எடுத்து வைங்க என்று அவர்தான் எழுதினார். அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? செடியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு இரண்டாவது நினைவூட்டு அனுப்பினேன். இருபதாம் தேதி மூன்றாவது, இறுதி.

முப்பதாம் தேதி அவர் குழுவில் எல்லாரும் பார்க்க எழுதினார். பெயர் ரூபவதி. இலங்கையில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா மாசிலாமணி நம்ம திருநெல்வேலிச் சீமையில் ஆனந்தவிளையிலிருந்து போனவர். நீ இந்தியன் என்று இலங்கைக்காரர்கள் சொல்ல, இவருடைய அப்பா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டார். நாலு வருஷம் கழித்து டில்லியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. தாத்தா இந்தியாவில் பிறந்ததற்குப் பிறப்புச் சான்று கேட்டது. எங்கே போவார்? அந்தக் காகிதத்தின் கடைசி வரியை அப்பா சாகும்வரை மனப்பாடமாகச் சொல்வாராம், ஜெபம் சொல்கிற மாதிரி. இங்கிலீஷில் இருந்ததைத் தங்களுக்காகத் தமிழில் தருகிறேன்: ‘மேற்கண்ட ஆதாரம் இல்லாத நிலையில், மேல் நடவடிக்கை ஏதும் தேவையில்லையெனக் கருதப்படுகிறது.’ அப்பாவுக்கும் நாடு இல்லை, எனக்கும் இல்லை, நார்வேயில் தந்திருப்பது பிரயாணக் காகிதம், அதில் நாடு என்ற இடத்தில் ஒன்றுமில்லை, உங்கள் படிவத்தில் நான் எதை எழுதுவேன் ஐயா, அதனால் விடைபெறுகிறேன், எல்லாரும் செடியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார்.

அத்தான், அந்த வரியை எழுதியவன் நான்.

வேறு யாரும் இல்லை. 1978ல் அசிஸ்டெண்டாக இருந்தபோது நான் போட்ட வரைவு அது. அதற்கு முன் நாலு பத்தியில் சொன்னதை ஒரே வரியில் அடக்கிவிட்டான் என்று மேலதிகாரி ராஜசேகரன் பச்சை மையில் ‘நன்று’ என்று எழுதினார். ஸைக்ளோஸ்டைல் எடுத்து அடுக்கி வைத்து, பெயரை மட்டும் நிரப்பி அனுப்பினோம். எத்தனை அனுப்பினோம் என்று எனக்கு நினைவில்லை. எனக்குக் கிடைத்த பாராட்டு மட்டும் தேதியோடு நினைவிருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்கும். பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் போதும் என்று எங்கள் சுற்றறிக்கையில் ஏழாம் பத்தியில் இருந்தது. அதை எந்த விண்ணப்பதாரரிடமும் நாங்கள் சொன்னதில்லை. அவர்கள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை.

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இருதயம் வந்து விஷயத்தைக் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ‘தூங்குற செடியப் பிடுங்கிப்புட்டிய’ என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் 31. கணக்கு தானாக முடங்கிவிட்டது. திறக்கிற வழி எனக்குத் தெரியவில்லை, பூட்டுவதற்கு மட்டும்தான் நான் விதி எழுதியிருந்தேன். குழுவில் எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லி, அந்த வரி என்னுடையது என்றும், பதினாலு பத்திகளையும் வாபஸ் பெறுகிறேன் என்றும் எழுதினேன். கொடியை எடுத்துவிடுங்கள் என்று பாலசுப்ரமணியத்தைக் கேட்டேன். வைத்தது வைத்ததுதான், எடுத்தால் குழுவே நொறுங்கிவிடும், ஏதாவது ஒரு நாட்டைப் பொறுக்கத்தான் வேண்டும் என்று மென்பொருள் அடம் பிடிக்கிறதாம். ரூபவதி கணக்கைத் திறந்தாலும் நாடு கேட்குமாம். இருதயம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாட்டுப் பட்டியலை மேலிருந்து படித்தாள். அங்கோலாவுக்குக் கொஞ்சம் கீழே விரலை நிறுத்தினாள்.

‘அண்டார்டிகான்னு இருக்கே, இங்க ஆரு இருக்கா?’

பென்குவின் இருக்கிறது என்றேன்.

‘அதுக்குப் பாஸ்போர்ட் இருக்கா?’

இல்லை, அது எந்த நாடும் இல்லை, பட்டியலில் சும்மா சேர்த்திருக்கிறான் என்றேன். ‘அச்சா, அப்ப உம்ம பேருக்கு அதைப் போடும், ஜல்தி’ என்றாள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அவள் மரியாதையைக் குறைத்து என்னை ‘உம்ம’ என்றது இரண்டாவது தடவை. போட்டேன். நீலத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்து உட்கார்ந்தது. அத்தான், மூவர்ணம் என் பெயருக்குப் பக்கத்திலிருந்து போனபோது நெஞ்சில் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். சுதந்திர தினத்துக்குச் சட்டையில் கொடி குத்தாமல் நான் ஆபீஸ் போனதில்லை. ரூபவதியின் அப்பாவுக்கு அந்தச் சுருக்கு எத்தனை வருஷம் இருந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன்.

இதைச் செய்யும்படி நான் யாரையும் கேட்கவில்லை, தண்டனையாக நானே போட்டுக்கொண்டது. அரைமணியில் சேஷன் மாறிவிட்டார். கனடாவைத் துறப்பது அவருக்கு என்ன தியாகம் என்று அங்கே இருக்கிற அவர் மகனைக் கேட்டால்தான் தெரியும். சாயங்காலம் கராச்சி வந்தது, பிறகு ஹாம்பர்க், பிஜி. டிரினிடாட் அம்மாள், இங்கே பல் டாக்டர் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நாலு நாளில் இருநூற்றுப் பதினொரு பேரும் அண்டார்டிகா. உலகத்தில் தொட்டிக் கறிவேப்பிலை மிக அதிகமாக வளரும் நாடு அண்டார்டிகா என்று குழுவின் முகப்பிலே கணக்கு வருகிறது. சட்டம் போட்டு ஒருவரையும் ஒன்று சேர்க்க முடியவில்லை என்னால், இவர்கள் யாரும் கேட்காமலே சேர்ந்துவிட்டார்கள். இந்த ஜனங்களுக்கு நான் மட்டுறுத்துநர் என்பதே அதிகப்பிரசங்கித்தனம்.

ஐந்தாம் நாள் பாலசுப்ரமணியம் எப்படியோ பூட்டைத் திறந்தார். ரூபவதி இரண்டு வரி எழுதினார்: ‘எல்லாருமா அங்க போயிட்டீங்க, அங்க ரொம்பக் குளிருங்க. செடியெல்லாம் யார் பார்ப்பா, நானும் வர்றேன்.’ பெயருக்குப் பக்கத்தில் நீலக்கொடி. இருதயம் சிலுவை போட்டுக்கொண்டாள், ஒரு புராட்டஸ்டண்டாக நானும் கிட்டத்தட்டப் போட்டுவிட்டேன்.

இனி விண்ணப்பம். மாசிலாமணி, ஆனந்தவிளை, தங்கள் சேகரத்துக்கு உட்பட்ட ஊர்தான். 1890 முதல் 1900 வரையுள்ள ஞானஸ்நானப் பதிவேட்டைத் தாங்களே உட்கார்ந்து தேடி, முத்திரையிட்ட நகல் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பவும். அதைக் கையில் வாங்காமல் எனக்கு நிம்மதி இல்லை, அந்தப் பெண்ணிடமும் இப்படிக் கேட்டிருக்கிறேன் என்று எழுதிவிட்டேன். மட்டுறுத்துநர் பதவியை நேற்றோடு ராஜினாமா செய்துவிட்டேன். என் ஆயுசுள்ளவரை இனி ஒரு மனுஷரிடமும் ஆதாரம் கேட்க மாட்டேன், படிவம் என்ற சொல்லே என் வாயில் வராது என்று இன்று காலை ஆராதனையில் பொருத்தனை செய்திருக்கிறேன். தாங்களும் அக்காளும் நீடித்த ஆயுளோடும் நல்ல பல்லோடும் இருக்கக் கர்த்தர் அருள்வாராக. அக்காளுக்கு இருதயத்தின் அன்பு, அல்வாவுக்கு என் ஏக்கம்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள மைத்துனன்,
சா. தேவநேசன்

பி.கு.: கவரை ஒட்டுமுன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பதிவேட்டைத் தேட வேண்டாம். ரூபவதி எழுதியிருக்கிறார்: ‘இப்ப எனக்கு வேணாங்க ஐயா. அப்பா இருந்தப்போ ஒருத்தர் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.’

ராஜினாமாவையும் வாபஸ் வாங்கும்படி ஆகிவிட்டது. அண்டார்டிகா ஆனபிறகு நாற்பத்துமூன்று பேர் புதிதாகச் சேர விண்ணப்பித்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேரிடம் ரோஜாச் செடிதான் இருக்கிறது என்று சேஷன் சந்தேகப்படுகிறார். யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும்? ஆகவே சிறியதாக ஒரு படிவம், ஒரே பக்கம், ஏழே கலங்கள், சான்றொப்பம் தேவையில்லை. தங்களுக்கும் அக்காளுக்கும் ஒவ்வொன்று இணைத்திருக்கிறேன், பூர்த்தி செய்து ஓர் இலை வைத்து அனுப்பவும். பழக்கதோஷத்தில் ஐந்தாம் கலம் ‘தாத்தா பிறந்ததற்கு ஆதாரம்’ என்று வந்துவிட்டது. இருதயம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதற்குள் குழுவுக்குப் போய்விட்டது.

பழைய உறுப்பினர் யாரும் பூர்த்தி செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் முதல் படிவம் ரூபவதியிடமிருந்துதான் வந்தது. ஐந்தாம் கலத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே நான் குறிப்பு எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, எல்லாரும் பார்க்கக் குழுவில் வைத்துவிட்டேன்: ‘மேற்கண்ட ஆதாரம் இல்லாத நிலையில், மேல் நடவடிக்கை ஏதும் தேவையில்லையெனக் கருதப்படுகிறது. குடியுரிமை வழங்கப்பட்டது.’